ராமானுஜன் தவறவிட்ட எண்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு எண்ணைப் பத்தி. ராமானுஜன்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்ற 1729 இல்ல. அந்த டாக்சி கதையை நீங்க நூறு தடவை கேட்டிருப்பீங்க. இது 12 இலக்க எண்: 2,93,31,86,25,600. வாய்விட்டுச் சொன்னா இருபத்தொன்பதாயிரத்து முந்நூத்து முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தஞ்சாயிரத்து அறுநூறு. 1915ல ராமானுஜன் வெளியிட்ட ஒரு பட்டியல்ல இந்த எண் இருந்திருக்கணும். இல்ல. விட்டுட்டார்.

இந்தக் கதையை நான் முதல்ல சொன்னது மைக் முன்னாடி இல்ல. அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையில, என் சித்தி பொண்ணுகிட்ட.

திருவண்ணாமலைக்கு வர்ற பெரும்பாலானவங்க பெரிய கோயில் ராஜகோபுரத்துல இருந்து நடக்க ஆரம்பிப்பாங்க. அடி அண்ணாமலை மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே இருக்கு. அங்கேயும் ஒரு அண்ணாமலையார் கோயில் உண்டு. அந்தப் பாதையிலதான் என் சித்தி டீக்கடை வெச்சிருக்காங்க. பௌர்ணமி ராத்திரி கடையை மூடவே மாட்டாங்க. போன தடவை நான் போனது ஒரு வைகாசிப் பௌர்ணமிக்கு. பிளஸ் டூ ரிசல்ட் வந்து சில நாள் ஆகியிருந்தது. தங்கச்சி கணக்குல 99.

99ங்கிறது சந்தோஷமான விஷயம்தானே? அவ முகத்துல அது தெரியல. கடைசி வரியில ஒரு கழித்தல் குறியை விட்டுட்டா. மேல இருக்கிற எல்லா ஸ்டெப்பும் சரி. டீ குடிக்க வர்ற ஒவ்வொருத்தரும் கேக்குறாங்க, "அந்த ஒண்ணு எங்கம்மா போச்சு?"

சித்தி என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க: "அவளைக் கூட்டிக்கிட்டு மலையைச் சுத்திட்டு வாப்பா. இங்க நின்னா வர்றவன் போறவன் எல்லாம் மார்க்கையே கேக்குறான்."

14 கிலோமீட்டர். எங்களுக்கு ஆரம்பமும் முடிவும் அடி அண்ணாமலைதான்.

வாயு லிங்கம் தாண்டுற வரைக்கும் அவ பேசவே இல்ல. அப்புறம் சொன்னா: "அண்ணா, 99 வாங்கினா யாரும் 99னு சொல்ல மாட்டாங்க. ஒண்ணு போச்சுன்னுதான் சொல்வாங்க."

அப்பதான் இந்த எண்ணைச் சொன்னேன்.

பங்கு போட வசதியான எண்கள்

அது என்ன பட்டியல்னு முதல்ல பார்த்துடலாம். உங்க கையில 12 முறுக்கு இருக்கு. 2 பேருக்குச் சமமா பிரிக்கலாம். 3 பேருக்கு, 4 பேருக்கு, 6 பேருக்கும் பிரிக்கலாம். ஒரே ஆளுக்கு எல்லாத்தையும் கொடுக்கலாம், 12 பேருக்கு ஆளுக்கு ஒண்ணுன்னும் கொடுக்கலாம். ஆக, 12க்கு 6 காரணிகள். இதுவே 13 முறுக்கா இருந்தா? ஒருத்தருக்கே எல்லாம், இல்லைன்னா 13 பேருக்கு ஆளுக்கு ஒண்ணு. 2 காரணிகள்தான். உடைக்காம வேற மாதிரி பிரிக்க முடியாது.

12ஐ விடச் சின்ன எந்த எண்ணுக்கும் 6 காரணிகள் கிடையாது. இப்படி, தன்னைவிடச் சின்ன எல்லா எண்ணையும் காரணிகளோட எண்ணிக்கையில தோற்கடிக்கிற எண்ணுக்கு ராமானுஜன் வெச்ச பேர் ஹைலி காம்போசிட் நம்பர். தமிழ்ல மிகு பகு எண்ணுன்னு வெச்சுக்கலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720ன்னு வரிசை போகும்.

இதுல பல எண்களோட நீங்க தினமும் வாழ்றீங்க. ஒரு நாளுக்கு 24 மணி நேரம். நம்ம பழைய கணக்குல ஒரு நாளுக்கு 60 நாழிகை. வட்டத்துக்கு 360 டிகிரி. பிரிக்க வசதியா இருக்கிற எண்ணைத்தான் மனுஷன் அளவுக்கு எடுத்துக்கிட்டான். பிளாட்டோ 'சட்டங்கள்' நூல்ல தன்னோட கற்பனை நகரத்துக்கு 5040 குடும்பங்கள் இருக்கணும்னு சொன்னதுக்கும் இதுதான் காரணம். 1ல இருந்து 10 வரைக்கும் எந்த எண்ணாலயும் 5040 மீதியில்லாம வகுபடும். அதுவும் ஒரு மிகு பகு எண். 5040ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

திருக்கோவிலூர் வரைக்கும் ஒரு நோட்டுப்புத்தகம்

குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் தாண்டி ஊருக்குள்ள வந்தோம். பெரிய கோயில் பக்கம் கூட்டத்துல நடக்கவே முடியல. தங்கச்சி கேட்டா: "ராமானுஜனும் சென்டமா?"

இல்லை. அவர் ஃபெயில். கும்பகோணம் கல்லூரியில ஸ்காலர்ஷிப் போச்சு, ஏன்னா கணக்கைத் தவிர வேற எதையும் அவர் படிக்கல. அப்புறம் சென்னையில பச்சையப்பன் கல்லூரியில சேர்ந்தார். அங்கேயும் எஃப்.ஏ. தேர்வுல தேறல. 1909ல கல்யாணம் ஆயிடுச்சு, வேலை இல்ல. கையில இருந்ததெல்லாம் சூத்திரங்கள் நிறைஞ்ச நோட்டுப்புத்தகங்கள்தான்.

அந்த நோட்டோட 1910ல அவர் வந்த ஊர் திருவண்ணாமலையில இருந்து சுமார் 35 கிலோமீட்டர்ல இருக்கு: திருக்கோவிலூர். அப்போ அது தென்னாற்காடு ஜில்லா. வி. ராமசாமி ஐயர் அங்க டெபுடி கலெக்டரா இருந்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907ல ஆரம்பிச்சவர் அவர்தான். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இந்த ஆளைத் தாலுகா ஆபீஸ்ல உட்கார வெச்சா பாவம்னு அவருக்குத் தோணுச்சு. வேலை கொடுக்கல, சென்னையில இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த நாலு வருஷத்தைச் சுருக்கமா சொல்றேன். 1911ல சங்கத்தோட இதழ்ல ராமானுஜனோட முதல் கட்டுரை வருது. 1912 மார்ச்ல சென்னைத் துறைமுகத்துல குமாஸ்தா, மாசம் 30 ரூபாய். 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17ல கப்பல் ஏறுறார். அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து நாலு மாசத்துல முதல் உலகப் போர் ஆரம்பிக்குது. அந்தப் போர்க்காலத்துல, டிரினிட்டி கல்லூரியில உட்கார்ந்து அவர் எழுதின பெரிய கட்டுரைதான் மிகு பகு எண்கள் பத்தினது. 1915ல லண்டன் கணிதச் சங்கம் வெளியிட்டது. 60 பக்கத்துக்கு மேல.

கையால போட்ட பட்டியல்

அந்தக் கட்டுரையில ஒரு அட்டவணை இருக்கு. 2ல ஆரம்பிச்சு நூறுக்கு மேல மிகு பகு எண்கள். கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதுக்கு 10,080 காரணிகள்.

கால்குலேட்டர் இல்லாத காலத்துல, ஒரு 13 இலக்க எண்ணுக்கு 10,080 காரணிகள்னு எப்படிச் சொல்ல முடியும்? அந்தப் பகுதி சுலபம்தான். எண்ணைப் பகா எண்களா உடைக்கணும். இந்த எண்ணுக்குள்ள 2 ஆறு தடவை இருக்கு, 3 நாலு தடவை, 5 ரெண்டு தடவை, 7 ரெண்டு தடவை. 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. ஒரு காரணியை உருவாக்கணும்னா ஒவ்வொரு பகா எண்ணையும் எத்தனை தடவை எடுக்கிறதுன்னு முடிவு பண்ணினா போதும். 2ஐ எடுக்காமலே விடலாம், இல்லை ஆறு தடவை வரைக்கும் எடுக்கலாம். மொத்தம் 7 வழி. 3க்கு 5 வழி. 5க்கு 3, 7க்கு 3. மீதி அஞ்சு எண்களுக்கும் எடுக்கலாம் அல்லது விடலாம்னு 2 வழி. எல்லாத்தையும் பெருக்கினா 10,080.

கஷ்டம் வேற இடத்துல. இதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இவ்வளவு காரணிகள் இல்லைன்னு நிரூபிக்கணும். அதுக்காக 6 லட்சம் கோடி எண்களையும் ஒவ்வொண்ணா பார்க்க முடியாது. ராமானுஜன் அந்த எண்களோட உடலமைப்பைக் கண்டுபிடிச்சார். மிகு பகு எண்ணுக்குள்ள பகா எண்கள் 2ல ஆரம்பிச்சு இடைவெளி இல்லாம வரிசையா இருக்கணும். 5ஐ விட்டுட்டு 7ஐச் சேர்த்திருந்தா, 7க்குப் பதிலா 5ஐப் போட்டுப் பாருங்க: எண் சின்னதாகும், காரணிகள் அதே அளவு இருக்கும். அப்போ முதல் எண் தோத்துப்போச்சு. அதேபோல சின்ன பகா எண் அதிக தடவையும், பெரிய பகா எண் குறைஞ்ச தடவையும் வரணும். 4, 36 ரெண்டைத் தவிர மத்த எல்லாத்துலயும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும்.

இந்த விதிகள் கூட்டத்தைப் பெரிய அளவுல குறைச்சுடும். ஆனாலும் மிச்சம் இருக்கிற எண்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுத்தான் ஆகணும். புதுசா ஒரு 23ஐச் சேர்க்கிறதா, இல்லை ஏற்கனவே இருக்கிற 3ஐயும் 7ஐயும் இன்னொரு தடவை போடுறதா? எது சின்ன எண்ணைக் கொடுக்கும், எது அதிகக் காரணிகளைக் கொடுக்கும்? அதையெல்லாம் அவர் பேனாவும் பேப்பருமா பார்த்தார்.

விட்டுப்போன இடம்

அவர் பட்டியல்ல 2,40,94,02,99,600ன்னு ஒரு எண் வருது. 4800 காரணிகள். அதுக்கு அடுத்தது 3,21,25,37,32,800. 5376 காரணிகள். பின்னால வந்தவங்க சரிபார்த்தப்போ, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு எண் தன்னோட இடம் கிடைக்காம நிக்குது. அதுதான் நம்ம 2,93,31,86,25,600. காரணிகள் 5040. முன்னால இருக்கிறதை விட அதிகம், பின்னால இருக்கிறதை விட எண் சின்னது. பட்டியல்ல அதுக்குக் கண்டிப்பா இடம் உண்டு.

இப்போ ரெண்டு எண்களையும் உடைச்சுப் பாருங்க. அவர் எழுதின அடுத்த எண்ணுக்குள்ள ஒரு 23 இருக்கு. அவர் விட்ட எண்ணுக்குள்ள 23 இல்ல. அந்த இடத்துல கூடுதலா ஒரு 3, ஒரு 7, அதாவது 21 இருக்கு. மத்த எல்லாமே ஒண்ணுதான். இந்த இடத்துக்கு அப்புறம் பட்டியல் முடியுற வரைக்கும் எல்லா எண்ணுக்குள்ளயும் 23 இருக்கு. 23 இல்லாம நின்ன கடைசி ஆள்தான் விட்டுப்போச்சு.

இன்னொண்ணும் இருக்கு. விட்டுப்போன எண்ணை 23ஆல பெருக்கிப் பாருங்க. தங்கச்சி அக்னி லிங்கத்துக்கிட்ட நின்னு ஃபோன்ல பெருக்கினா. 67,46,32,83,88,800. ராமானுஜனோட பட்டியல்ல இருக்கிற கடைசி எண்!

"அப்போ கடைசி எண்ணுக்குள்ளயே அது இருந்திருக்கு" என்றாள்.

ஆமாம். 23ஆல ஒரு தடவை வகுத்திருந்தா கையில வந்திருக்கும்.

ஒரு மார்க் போனதா?

இதனால அவரோட தேற்றம் எதுவும் உடையல. எண்களோட உடலமைப்பைப் பத்தி அவர் நிரூபிச்சது எல்லாம் அப்படியே நிக்குது. அட்டவணையில ஒரு வரிதான் குறைஞ்சது. இந்த ஆராய்ச்சிக்காக 1916 மார்ச்ல கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்குக் கிடைச்ச பி.ஏ. அது. 1918ல ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1920 ஏப்ரல் 26ல சென்னையில காலமானப்போ வயசு 32.

கட்டுரையில உண்மையிலேயே விட்டுப்போனது வேற ஒண்ணு. அதுக்குக் காரணம் கவனக்குறைவு இல்ல, காசு. போர்க்காலத்துல லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண நெருக்கடி. அச்சுச் செலவைக் குறைக்க ராமானுஜன் தான் எழுதினதுல ஒரு பகுதியை அச்சுக்குக் கொடுக்காம நிறுத்திக்கிட்டார். அந்தப் பக்கங்கள் கையெழுத்தாவே கிடந்தது. 1997ல ஜான்-லூயி நிக்கோலா, கீ ரோபேன் ரெண்டு பேரோட குறிப்புகளோட கணித இதழ்ல முறையா வந்தது. 82 வருஷம் கழிச்சு.

அதுல என்ன இருந்தது? ஒரு எண்ணோட காரணிகளை எல்லாம் கூட்டினா எவ்வளவு பெருசா வரலாம்ங்கிற கேள்வி. அதுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. ரீமான் கருதுகோள் உண்மைன்னா, ஓரளவு பெரிய எண்ணுக்கு மேல எந்த எண்ணும் அந்த வரம்பைத் தாண்டாதுன்னு ராமானுஜன் காட்டியிருந்தார். ரீமான் கருதுகோள் 1859ல இருந்து தீராத புதிர். நிரூபிச்சா 10 லட்சம் டாலர் பரிசு. ராமானுஜனோட அந்தப் பக்கங்கள் அச்சுல வர்றதுக்கு முன்னாடியே, 1984ல ரோபேன் அதே பாதையில நடந்து இன்னும் துல்லியமா நிரூபிச்சார்: ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு மேல எந்த எண்ணும் வரம்பைத் தாண்டலைன்னா ரீமான் கருதுகோள் உண்மை, ஒண்ணாவது தாண்டினா பொய். அந்தக் குறிப்பிட்ட எண் எது தெரியுமா? 5040. பிளாட்டோவோட நகரத்துல இருந்த 5040. நம்ம விட்டுப்போன எண்ணோட காரணிகளும் 5040. இந்த ஒத்துமை தற்செயல்தான். இதுல ரகசியம் எதுவும் தேடாதீங்க. ஆனா எனக்கு அது பிடிச்சிருக்கு.

நான் இந்த எண்ணை ஏன் இவ்வளவு நாளா தூக்கிக்கிட்டு அலையுறேன்னு சொல்றேன். ராமானுஜனைப் பத்தி நமக்குச் சொல்லப்பட்ட கதையில வேலையே கிடையாது. நாமகிரித் தாயார் கனவுல சொன்னாங்க, காலையில எழுந்து எழுதினார், அவ்வளவுதான். அவருக்கு அந்த நம்பிக்கை இருந்தது. அதை நான் மறுக்கல. ஆனா கனவுல வந்த பட்டியல்னா அதுல ஒரு வரி விட்டுப்போகாது. வரிசையா உட்கார்ந்து, 23ஐச் சேர்க்கலாமா, 21 போதுமான்னு ஒவ்வொண்ணா ஒப்பிட்டு, குளிர்ல, போர்க்காலத்துல, ஊர்ச் சாப்பாடு கிடைக்காம வேலை பார்த்த ஒரு ஆளுக்குத்தான் விட்டுப்போகும். அவர் உழைச்சார்ங்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல சாட்சி இந்த எண்தான்.

கூடவே ராமசாமி ஐயரையும் நினைச்சுக்கறேன். அவர் முன்னால நின்னது ரெண்டு தடவை தேர்வுல தேறாத ஒரு ஆள். மார்க் ஷீட்டைக் கேட்டிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். அவர் நோட்டைப் பார்த்தார்.

இதையெல்லாம் தங்கச்சிகிட்ட நான் இவ்வளவு கோர்வையா சொல்லல. எம லிங்கம் தாண்டினதும் எனக்குக் கால் வலி, பாதிக் கதையை மூச்சு வாங்கிக்கிட்டேதான் சொன்னேன். அவ ஒண்ணுதான் கேட்டா:

"அந்த எண்ணை விட்டுட்டோம்னு அவருக்குத் தெரியுமா அண்ணா?"

தெரிஞ்ச மாதிரி எங்கேயும் நான் படிச்சதில்லைன்னு சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாம நடந்தா. "நல்லவேளை" என்றாள்.

விடியக்காலம் அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தோம். சித்தி கடையில அப்பவும் கூட்டம். பெஞ்சுல உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அவளைப் பார்த்ததும் ஆரம்பிச்சுட்டார்: "கணக்குல எவ்வளவும்மா?"

"தொண்ணூத்தொன்பது தாத்தா" என்றாள். அவர் அடுத்த கேள்வியைக் கேக்குறதுக்குள்ள அவர் கையில டீ கிளாஸைக் கொடுத்துட்டு உள்ள போயிட்டா.

போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நான் வாசிச்ச வரிசையில 60க்கு அடுத்தது 120. நடுவுல 72, 84, 90, 96ன்னு நல்லா பிரிக்கக்கூடிய எண்கள் இருக்கே, அதெல்லாம் ஏன் பட்டியல்ல இல்ல? ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பாருங்க. ஃபோன் வேண்டாம். ஒண்ணு ரெண்டு விட்டுப்போனா பரவாயில்ல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.